15 நிமிடத்தில் ஃபுல் சார்ஜ்... நிஜமா? ராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் ஒரு கணக்கு

‘15 நிமிடத்தில் 80 சதவிகிதம்’, ‘டீ குடித்து முடிப்பதற்குள் ஃபுல் சார்ஜ்’. போன் விளம்பரத்தில் தொடங்கிய இந்த வாக்குறுதி, இப்போது ஸ்கூட்டர், கார் ஷோரூம் வரை வந்துவிட்டது. வண்டி வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது ரேஞ்ச். அடுத்த கேள்வி, ‘சார்ஜ் ஏற எவ்வளவு நேரம் ஆகும்?’

விளம்பரம் சொல்லும் நேரம் முழுப் பொய் கிடையாது. ஆனால், அது எந்தச் சூழ்நிலையில், எந்த சதவிகிதத்திலிருந்து எந்த சதவிகிதம் வரை என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத சின்ன எழுத்தில் இருக்கும். ஃபாஸ்ட் சார்ஜிங்குக்கு ஒரு எல்லை உண்டு. சொல்லப்போனால் ஒன்றல்ல, நான்கு எல்லைகள். பேட்டரிக்குள் நடக்கும் வேதியியல், சூடு, வண்டியும் கேபிளும், கடைசியாக நம்ம தெரு ட்ரான்ஸ்ஃபார்மர். இந்த நான்கையும் விருதுநகர் மாவட்டத்தின் ராஜபாளையத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் வைத்தே புரிந்துகொள்ளலாம். சுமார் 12 கி.மீ. இடைவெளியில் இருக்கும் இரட்டை ஊர்கள், வெயில், மில்கள், குற்றாலம் போகும் நெடுஞ்சாலை என இந்தக் கணக்குக்குத் தேவையான எல்லாமே இங்கே இருக்கிறது.

பெட்டியில் போட்டிருக்கும் வாட் என்ன சொல்கிறது?

முதலில் போன். 5,000 எம்.ஏ.ஹெச். பேட்டரி என்றால், அதில் அடங்கும் மின்சாரம் சுமார் 19 வாட்-ஹவர். பழைய 10 வாட் சார்ஜரில் போட்டால் கணக்குப்படி 2 மணி நேரம். 67 வாட் சார்ஜரில் 17 நிமிடம். 120 வாட்டில் 10 நிமிடம்கூட ஆகக் கூடாது.

ஆனால், 67 வாட் போனை 17 நிமிடத்தில் யாரும் 0-லிருந்து 100-க்குக் கொண்டுபோனது கிடையாது. பெரும்பாலும் இதைப்போல இரண்டு மடங்கு நேரமாவது ஆகிறது. காரணம் எளிது. பெட்டியில் போட்டிருக்கும் எண், உச்ச வேகம். ‘இந்த பஸ் 100 கி.மீ. வேகத்தில் போகும்’ என்று சொன்னால், ராஜபாளையத்திலிருந்து மதுரை வரைக்கும் 100-லேயே போகும் என்று நாம் எடுத்துக்கொள்வோமா? சார்ஜரும் அப்படித்தான். சில நிமிடங்கள் மட்டும் உச்சத்தைத் தொடும். பிறகு படிப்படியாக இறங்கும்.

இந்த வேகத்தை அளக்க இன்ஜினீயர்கள் பயன்படுத்துவது ‘சி-ரேட்’. ஒரு மணி நேரத்தில் பேட்டரி முழுவதையும் நிரப்பும் வேகம் என்றால் 1சி. அரை மணி நேரத்தில் நிரப்பினால் 2சி. 10 நிமிடம் என்றால் 6சி. வாட் எண்ணைவிட இந்த எண்தான் முக்கியம். ஏனென்றால், 60 கிலோவாட் என்பது பெரிய பஸ் பேட்டரிக்குச் சாதாரண வேகம். சின்ன கார் பேட்டரிக்கு அது நெருக்கடி.

பேட்டரிக்குள்ளே என்ன நடக்குது?

இப்போது நாம் பயன்படுத்தும் லித்தியம்-அயன் பேட்டரியை 1991-ல் சோனி முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அடித்தளம் போட்ட ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இதில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. குட்இனஃப் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரையை நிகழ்த்தியவர் ஆறுமுகம் மந்திரம். தமிழ்நாட்டின் அமராபுரம் கிராமத்தில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி-யிலும் படித்து, அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர்.

பேட்டரிக்குள் இரண்டு பக்கம் இருக்கிறது. சார்ஜ் போடும்போது லித்தியம் அயனிகள் ஒரு பக்கத்திலிருந்து கிளம்பி, நடுவில் இருக்கும் திரவத்தைக் கடந்து, மறுபக்கம் இருக்கும் கிராஃபைட் அடுக்குகளுக்குள் போய் உட்கார வேண்டும். பென்சில் முனையில் இருக்கிறதே, அந்த கிராஃபைட்தான்.

காலை 8.30 மணிக்கு ராஜபாளையம் கிளம்பும் டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். பஸ் காலியாக வந்து நின்றால் முதலில் ஏறுபவர்கள் ஓடிப்போய் உட்காருவார்கள். சீட் நிரம்ப நிரம்ப, உள்ளே தள்ளித் தள்ளித்தான் இடம் பிடிக்க முடியும். ஏறுகிறவர்கள் எவ்வளவு வேகமாக வந்தாலும், உள்ளே நகர்கிற வேகத்துக்குத்தான் அடுத்தவர் ஏற முடியும். கிராஃபைட்டுக்குள்ளும் இதே கதை. வாசலில் வந்து சேரும் வேகம் ஒன்று. உள்ளே நகர்ந்து உட்காரும் வேகம் வேறு.

அவசரப்பட்டு பின்னாலிருந்து தள்ளினால் என்ன ஆகும்? படியில் தொங்குவார்கள். பேட்டரியிலும் அப்படித் தொங்கல் நடக்கும். உள்ளே இடம் கிடைக்காத லித்தியம், கிராஃபைட்டின் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும். இதற்கு ‘லித்தியம் பிளேட்டிங்’ என்று பெயர். அப்படிப் படிந்ததில் ஒரு பகுதி, திரும்ப வேலைக்கு வரவே வராது. அந்த அளவுக்கு பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். படிவு ஊசி ஊசியாக வளர்ந்து நடுவில் இருக்கும் மெல்லிய தடுப்பைக் குத்திவிட்டால், உள்ளுக்குள்ளேயே ஷார்ட் சர்க்யூட். தீப்பிடிக்கும் ஆபத்து இங்கே தொடங்குகிறது.

குளிரில் அயனிகள் இன்னும் மந்தமாக நகரும். அதனால்தான் நார்வே மாதிரி நாடுகளில் குளிர்காலத்தில் பேட்டரியைச் சூடாக்கிவிட்டு சார்ஜ் போடுகிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தக் கவலை இல்லை. நம்ம கவலை நேர் எதிர். அதற்குப் பிறகு வருவோம்.

80-க்கு மேல் ஏன் ஆமை வேகம்?

0-லிருந்து 50 வரை கடகடவென ஏறும் போன், 80-ஐத் தாண்டியதும் ஏன் அசைய மறுக்கிறது? சார்ஜர் கெட்டுப்போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அது வேண்டுமென்றே செய்யப்படுவது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டெனப் புரியும். பால் தண்ணீராக இருக்கும்போது தீயைக் கூட்டலாம். சுண்டச் சுண்ட, தீயைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். கெட்டியாகும் நேரத்தில் தீ தாராளமாக இருந்தால், அடிப்பிடித்து மொத்தச் சட்டியும் பாழ். சார்ஜிங்கிலும் முதல் கட்டத்தில் கரன்ட்டை நிலையாகக் கொடுக்கிறார்கள். செல்லின் வோல்டேஜ் அதன் உச்சவரம்பைத் தொட்டதும், வோல்டேஜை அங்கேயே நிறுத்திவிட்டு கரன்ட்டைக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். பெரும்பாலான செல்களில் இந்த வரம்பு 4.2 வோல்ட் அல்லது அதற்குக் கொஞ்சம் மேலே.

‘10 முதல் 80 சதவிகிதம் வரை’ என்று கார் கம்பெனிகள் கணக்குச் சொல்வது இதனால்தான். பேட்டரி மளமளவென வாங்கிக்கொள்ளும் பகுதி அதுதான். பல கார்களில் மிச்சமிருக்கும் 20 சதவிகிதம் ஏறுவதற்கு, முதல் 70 சதவிகிதம் ஏறிய நேரத்துக்கு நெருக்கமாகவே பிடிக்கும்.

வெயில்: நம்ம ஊரின் தனிப் பிரச்னை

மின்சாரம் ஓடும் இடத்தில் சூடு உண்டு. கரன்ட்டை இரண்டு மடங்காக்கினால் சூடு இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்காகும். ஒரு செல்லில் 5 ஆம்பியர் போகும்போது 1 வாட் சூடு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 10 ஆம்பியர் என்றால் 4 வாட். கையடக்கமான, காற்றுப் புகாத ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் 4 வாட் என்பது சின்ன விஷயமில்லை.

பல லித்தியம்-அயன் செல்களுக்கு, சார்ஜ் போடுவதற்கான வெப்ப உச்சவரம்பாகத் தயாரிப்பாளர்கள் குறிப்பது 45 டிகிரி செல்சியஸ். சித்திரை, வைகாசியில் மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம் என்றாலும் நம் பகுதியில் வெயில் 38, 40 டிகிரியைத் தொடும். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் அதைவிட அதிகம். அப்படியானால், சார்ஜ் தொடங்கும்போதே பேட்டரி 40-ல் இருக்கிறது. 45-க்கு இன்னும் 5 டிகிரிதான் பாக்கி. வண்டியின் மூளையான பேட்டரி மேலாண்மை சிஸ்டம் அதைக் கவனித்து, சார்ஜிங் வேகத்தைத் தானாகவே குறைத்துவிடும். ஐரோப்பாவில் 20 டிகிரியில் சோதித்துச் சொன்ன நேரம், ராஜபாளையத்தில் மே மாத மதியம் 2 மணிக்கு கிடைக்காமல் போவதற்கு இதுதான் காரணம்.

கார்களில் பலவற்றில் பேட்டரியைக் குளிர்விக்க குளிர்திரவம் ஓடும் குழாய்கள் இருக்கின்றன. ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் அந்த வசதி இல்லை. காற்றை நம்பித்தான் பிழைப்பு. போனிலோ அந்தக் காற்றும் கிடையாது. வெயிலில் பைக் ஹோல்டரில் மேப் ஓடிக்கொண்டிருக்க, கூடவே ஃபாஸ்ட் சார்ஜும் போட்டால், ‘சார்ஜிங் நிறுத்தப்பட்டது’ என்று போன் கோபித்துக்கொள்வது சகஜம்.

சூட்டின் இன்னொரு பக்கம் மெதுவாகத் தெரியும். பொதுவாக வெப்பம் 10 டிகிரி கூடினால் வேதிவினைகளின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது வேதியியலில் சொல்லும் தோராய விதி. பேட்டரியைக் கெடுக்கும் பக்க வினைகளுக்கும் இது பொருந்தும். அதிலும் 100 சதவிகிதம் நிரப்பி, வெயிலிலேயே நாள் முழுக்க நிறுத்தி வைப்பதுதான் பேட்டரிக்கு மோசமான வாழ்க்கை.

அப்போ 120 வாட் எப்படி சாத்தியம்?

நியாயமான கேள்வி. 2023-ல் ரியல்மி 240 வாட் சார்ஜிங்கோடு போன் விட்டது. அதே ஆண்டில் ஷியோமி 300 வாட்டில் 4,100 எம்.ஏ.ஹெச். பேட்டரியை 5 நிமிடத்துக்குள் நிரப்பிக் காட்டியது. வேதியியலை ஏமாற்றிவிட்டார்களா?

ஏமாற்றவில்லை, விலை கொடுத்திருக்கிறார்கள். இந்த வகை போன்களில் பேட்டரியை இரண்டு செல்லாகப் பிரிப்பது வழக்கம். ஒரு பஸ்ஸுக்கு பதில் இரண்டு பஸ். பாதிப் பாதிக் கூட்டம். கிராஃபைட் அடுக்கை மெல்லியதாகப் பூசுவார்கள். அயனிகள் நடக்க வேண்டிய தூரம் குறையும். ஆனால், மெல்லிய அடுக்கு என்றால் அதே இடத்தில் அடங்கும் மின்சாரமும் குறைவு. வேகம் வேண்டுமா, கொள்ளளவு வேண்டுமா, ஆயுள் வேண்டுமா, குறைந்த விலை வேண்டுமா? நான்கும் ஒரே பெட்டியில் கிடைக்காது. எந்த பேட்டரி விளம்பரத்தைப் பார்த்தாலும், இதில் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று தேடுங்கள். விடை அங்கேயே இருக்கும்.

காருக்கு வந்தால் கணக்கு பெரிசு

இங்கே ஒரு வசதி. கார் பேட்டரியை அளக்கும் கிலோவாட்-ஹவரும், ஈ.பி. பில்லில் வரும் யூனிட்டும் ஒன்றேதான். 40 கிலோவாட்-ஹவர் பேட்டரி என்றால் 40 யூனிட்.

வீட்டு 15 ஆம்பியர் பிளக் பாயின்ட்டில் சுமார் 3.3 கிலோவாட் எடுக்கலாம். 40 யூனிட் நிரம்ப 12, 13 மணி நேரம். 7.2 கிலோவாட் வால் சார்ஜர் மாட்டினால் 6 மணி நேரம். சாலையோர 60 கிலோவாட் டி.சி. சார்ஜரில் 10-லிருந்து 80 சதவிகிதம், அதாவது 28 யூனிட், கணக்குப்படி 28 நிமிடத்தில் ஏற வேண்டும். நடைமுறையில் 40 நிமிடம் முதல் 1 மணி நேரம் வரை ஆகிறது.

ஏன்? சார்ஜர் 60 கொடுக்கத் தயாராக இருந்தாலும், எவ்வளவு வாங்குவது என்று முடிவு செய்வது கார்தான். 50 வாங்கும் காரை 120 கிலோவாட் சார்ஜரில் மாட்டினாலும் 50தான். இன்னொன்று, பல சார்ஜர்களில் இரண்டு கன் இருக்கும். பக்கத்தில் இன்னொரு கார் வந்து மாட்டினால், 60 என்பது 30, 30 ஆகப் பிரிந்துவிடும். ஆப்பில் ‘60 கிலோவாட்’ என்று பார்த்துவிட்டு வந்தவர் குழம்பிப்போவது இந்த இடத்தில்தான்.

சரி, பெட்ரோல் பங்க் மாதிரி 3 நிமிடத்தில் முடிக்க என்ன வேண்டும்? 40 யூனிட்டை 3 நிமிடத்தில் ஏற்ற, 800 கிலோவாட் தேவை. ஒரு வீட்டுக்கு 5 கிலோவாட் என்று வைத்தால், 160 வீடுகள் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் போட்ட மாதிரி. ஒரே ஒரு காருக்கு!

மில்லுக்குக் கிடைக்கும் கரன்ட் சார்ஜருக்கு ஏன் கஷ்டம்?

ராஜபாளையம் பெரிய மின்சாரத்துக்குப் பழகிய ஊர். நூற்பு மில்கள், சத்திரப்பட்டி பக்கம் மருத்துவத்துக்கான பேண்டேஜ் துணித் தறிகள் என்று பல தலைமுறையாகக் கரன்ட்டை நம்பித்தான் பிழைப்பு. அப்படிப்பட்ட ஊரில் ஒரு ஃபாஸ்ட் சார்ஜர் வைப்பதில் என்ன சிரமம்?

வித்தியாசம், பயன்படுத்தும் விதத்தில் இருக்கிறது. நூற்பு மில் மூன்று ஷிப்ட்டும் ஓடும். 24 மணி நேரமும் ஏறக்குறைய ஒரே அளவு கரன்ட் எடுக்கும். மின்வாரியத்துக்கு இப்படிப்பட்ட வாடிக்கையாளர் பொன்னானவர். ஃபாஸ்ட் சார்ஜரோ ஆடிப்பூரத் தேரோட்டக் கூட்டம் மாதிரி. கார் வந்தால் ஒரேயடியாக 60 கிலோவாட் இழுக்கும். சுமார் 40 ஒன்றரை டன் ஏ.சி-க்களை ஒரே நொடியில் ஆன் செய்ததற்குச் சமம். கார் போனதும் பூஜ்ஜியம்.

தெருமுனையில் நாம் பார்க்கும் ட்ரான்ஸ்ஃபார்மர்களில் 100 கே.வி.ஏ. என்பது பரவலான அளவு. அதில் ஒரு 60 கிலோவாட் சார்ஜரைக் கோத்தால், பாதிக்கு மேல் அதுவே எடுத்துக்கொள்ளும். சாயங்காலம் 7 மணிக்கு அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் ஏ.சி., மிக்ஸி, மோட்டார் ஓடும்போது லோ வோல்டேஜ் புகார் வரத்தான் செய்யும். அதனால் பெரிய சார்ஜருக்குத் தனி ட்ரான்ஸ்ஃபார்மர், தனி கேபிள் வேண்டும். அந்தச் செலவும் சேரும். கார் வந்தாலும் வராவிட்டாலும், வாங்கிவைத்த மின்திறனுக்கு நிலைக்கட்டணமும் கட்ட வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு கார் மட்டுமே வரும் இடத்தில் 120 கிலோவாட் சார்ஜர் வைத்தவர் எப்படிப் பிழைப்பார்? சின்ன ஊர்களில் 30, 60 கிலோவாட்டோடு நிறுத்திக்கொள்வதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

குற்றால சீசனில் என்ன ஆகும்?

திருமங்கலத்தில் தொடங்கி ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகிறது தேசிய நெடுஞ்சாலை 744. மத்திய மின்துறை அமைச்சகம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், நெடுஞ்சாலையின் இருபுறமும் 25 கி.மீ-க்கு ஒரு சார்ஜிங் ஸ்டேஷனாவது இருக்க வேண்டும் என்றது. ஆனால் தூரம் மட்டும் போதாது. எத்தனை கன் இருக்கிறது என்பதும் முக்கியம்.

மதுரையிலிருந்து குற்றாலம் சுமார் 160 கி.மீ. போய்த் திரும்ப 320. கி.மீ-க்கு 0.15 யூனிட் என்றால் 48 யூனிட் வேண்டும். பேட்டரி 40 யூனிட். கடைசி 10 சதவிகிதத்தைத் தொடாமல் 36. பற்றாக்குறை 12. பத்திரத்துக்குக் கொஞ்சம் சேர்த்து 15 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். ராஜபாளையத்தில் நிறுத்தி, 30 கிலோவாட் கிடைத்தாலே அரை மணி நேரம்தான். சாப்பிட்டு, கை கழுவி, பில் கொடுத்து வருவதற்குள் முடிந்துவிடும். இதற்கு 800 கிலோவாட் எதற்கு?

ஆனால், ஜூலை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதே இடத்தில் ஒரே கன்; உங்களுக்கு முன்னால் மூன்று கார் நிற்கிறது. ஒவ்வொன்றும் 45 நிமிடம் என்றால், உங்கள் முறை வரவே 2 மணி 15 நிமிடம். நம்மைக் காக்க வைப்பது பேட்டரியின் வேகமில்லை, கன்னின் எண்ணிக்கை. ஒரு 120 கிலோவாட் சார்ஜரைவிட நான்கு 30 கிலோவாட் கன்கள் இந்த மாதிரிச் சாலைக்கு உதவியாக இருக்கும். முன்னால் நிற்பவர் 80-ல் கழற்றாமல் 100 வரை காத்திருந்தால், அவர் தன் நேரத்தை மட்டும் வீணாக்கவில்லை. வரிசையில் நிற்கும் அத்தனை பேரின் நேரத்தையும் சேர்த்துத்தான்.

ஃபாஸ்ட் சார்ஜிங் பேட்டரியைக் கெடுக்குமா?

‘கெடுக்கும்’ என்று ஒரு பக்கம், ‘ஒன்றும் ஆகாது’ என்று இன்னொரு பக்கம் சண்டை நடக்கிறது. அமெரிக்காவின் ரெகரன்ட் நிறுவனம் 2023-ல், 12,000-க்கும் மேற்பட்ட டெஸ்லா கார்களை ஒப்பிட்டது. பெரும்பாலும் ஃபாஸ்ட் சார்ஜ் போட்ட கார்களுக்கும், அரிதாகவே போட்ட கார்களுக்கும் ரேஞ்ச் இழப்பில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. காரின் சிஸ்டமே சூட்டையும் வேகத்தையும் கட்டுக்குள் வைப்பதுதான் காரணம். கடும் வெயிலில் அல்லது பேட்டரி மிகக் குறைவாகவோ மிக அதிகமாகவோ இருக்கும்போது ஃபாஸ்ட் சார்ஜ் வேண்டாம் என்ற எச்சரிக்கையையும் அவர்கள் சேர்த்தே சொன்னார்கள்.

குளிர்திரவ வசதியுள்ள காருக்குக் கிடைத்த இந்த நற்சான்றிதழை, அந்த வசதி இல்லாத ஸ்கூட்டருக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. போன்களுக்கு ஐரோப்பிய யூனியன் ஒரு அளவுகோல் வைத்திருக்கிறது. 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்பனைக்கு வரும் போன்களின் பேட்டரி, 800 முறை முழுதாகச் சார்ஜ் ஆன பிறகும் 80 சதவிகிதக் கொள்ளளவைத் தக்கவைக்க வேண்டும். போன் வாங்கும்போது வாட் எண்ணோடு, இந்த ‘எத்தனை முறை’ என்ற எண்ணையும் தேடிப் பாருங்கள்.

வேகம் குறைந்தால் ஆபத்து இல்லையா?

அப்படியும் சொல்ல முடியாது. 2022 மார்ச்சில் வேலூரில், இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் தீப்பிடித்து, தந்தையும் மகளும் உயிரிழந்தார்கள். அந்த ஆண்டு நாட்டின் பல இடங்களில் நடந்த தீ விபத்துகளுக்குப் பிறகு, பேட்டரிப் பாதுகாப்பு விதிகளான ஏ.ஐ.எஸ். 156, ஏ.ஐ.எஸ். 038 இரண்டையும் மத்திய அரசு கடுமையாக்கியது. 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரண்டு கட்டமாக அவை நடைமுறைக்கு வந்தன.

வீட்டு சார்ஜிங்கில் கவனிக்க வேண்டியது, பல மணி நேரம் விடாமல் கரன்ட் ஓடுகிறது என்பதைத்தான். மிக்ஸி 5 நிமிடம் ஓடும். வண்டி 5 மணி நேரம் இழுக்கும். தளர்ந்த பிளக் பாயின்ட், மெல்லிய ஒயர், மலிவான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாம் அங்கே சூடாகும். பழைய வீடு என்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, தனி ஒயர், தனி எம்.சி.பி., சரியான எர்த் மூன்றையும் போட்டுவிடுங்கள். படுக்கும் அறையிலும், வெளியேறும் வாசலை அடைத்தபடியும் சார்ஜ் போட வேண்டாம்.

நமக்கு உண்மையில் எவ்வளவு வேகம் வேண்டும்?

ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு, ராஜபாளையத்தில் வேலை. போக வர 24 கி.மீ. எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் கி.மீ-க்கு சுமார் 30 வாட்-ஹவர் எடுக்கும். ஒரு நாளைக்கு முக்கால் யூனிட்டுக்குள்தான். 750 வாட் சாதாரண சார்ஜரில் ஒரு மணி நேரத்தில் அந்த நாளின் செலவு திரும்ப ஏறிவிடும். வண்டி இரவு முழுக்க சும்மா நிற்கிறது. இவருக்கு ஃபாஸ்ட் சார்ஜர் தேவையே இல்லை. மின்கட்டணத்தில் ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதம் மாறும். இந்த ஸ்கூட்டர் இரண்டு மாதத்துக்குச் சேர்ப்பது 40, 45 யூனிட்தான். ஏற்கெனவே 480-ல் நிற்கும் வீடு என்றால் அதுவே எல்லையைத் தாண்ட வைத்துவிடும்.

இன்னொரு கணக்கு. ஒரு 60 கிலோவாட் சார்ஜருக்கு வாங்கும் மின்திறனை 750 வாட்டால் வகுத்தால், 80. அதாவது, ஒரு காரை வேகமாக நிரப்பத் தேவைப்படும் அதே மின்திறனில், ஒரு மில்லின் ஷெட்டில் 80 ஸ்கூட்டர்களை ஒரே நேரத்தில் சார்ஜ் போடலாம். 8 மணி நேர ஷிப்ட் முடிந்து வரும்போது எல்லா வண்டியும் ஃபுல். பகல் ஷிப்ட் என்றால் மில் கூரையில் இருக்கும் சோலார் பேனலும் கைகொடுக்கும். இரண்டு ஊருக்குமான விடை, வேகத்தைவிட இப்படி நிறுத்தும் இடத்தில்தான் அதிகம் இருக்கிறது. மில், பேருந்து நிலைய வாகனக் காப்பகம், ஆண்டாள் கோயில் பார்க்கிங், கல்லூரி என்று எங்கெல்லாம் வண்டி மணிக்கணக்கில் நிற்கிறதோ, அங்கெல்லாம் சாதாரண 15 ஆம்பியர் பாயின்ட் போதும்.

வேகம் நிஜமாகவே தேவைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு நாளைக்கு 150 கி.மீ. ஓட்டும் டெலிவரி ஊழியர், ஷேர் ஆட்டோ ஓட்டுநர், வாடகைக் கார் டிரைவர். இவர்களுக்கு வண்டி நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் வருமான இழப்பு. தைவானின் கோகோரோ போல, காலி பேட்டரியைக் கொடுத்துவிட்டு நிரம்பியதை வாங்கிக்கொள்ளும் ‘ஸ்வாப்பிங்’ இவர்களுக்கு ஃபாஸ்ட் சார்ஜரைவிடப் பொருத்தம். மாற்ற ஒரு நிமிடம். கழற்றிய பேட்டரி நிதானமாக, நிழலில் சார்ஜ் ஆகும்.

அடுத்து என்ன வரப்போகிறது?

2025 மார்ச்சில் சீனாவின் பி.ஒய்.டி., 1,000 கிலோவாட் சார்ஜிங்கை அறிவித்தது. 5 நிமிடத்தில் 400 கி.மீ. ஓடும் அளவுக்கு ஏறும் என்கிறது நிறுவனம். அதற்கு 1,000 வோல்ட் கார், குளிர்திரவம் ஓடும் கேபிள், சார்ஜர் பக்கத்திலேயே கரன்ட்டைச் சேமித்து வைக்கும் பெரிய பேட்டரி எல்லாம் வேண்டும். கடைசியாகச் சொன்னது நமக்கும் பாடம். ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்து நாள் முழுக்க மெதுவாக வாங்கி, கார் வரும்போது மட்டும் வேகமாகக் கொடுப்பது. மேல்நிலைத் தொட்டி இல்லாமல் முனிசிபாலிட்டிக் குழாயை மட்டும் நம்பி யாரும் ஷவரில் குளிப்பதில்லையே!

பேட்டரி ஆராய்ச்சிக்கு நாம் வெளிநாட்டையே பார்க்க வேண்டியதும் இல்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில்தான் இருக்கிறது. லித்தியம்-அயன் பேட்டரித் தொழில்நுட்பத்தைத் தனியார் நிறுவனத்துக்குத் தர 2018-ல் ஒப்பந்தம் போட்டது இதே ஆய்வகம்தான். வெளிநாட்டுக் குளிருக்காக வடிவமைத்த பேட்டரியை வாங்கி நம்ம வெயிலில் ஓட்டுவதைவிட, 40 டிகிரிக்கென்றே ஒரு பேட்டரி இங்கேயே வந்தால், 5 நிமிட சார்ஜிங்கைவிட அதுதான் நமக்குப் பெரிய செய்தி.

வாங்கும் முன், போடும் முன்

* உச்ச வாட் எண்ணைக் கேட்காதீர்கள். ‘10-லிருந்து 80-க்கு எத்தனை நிமிடம், எந்த வெப்பநிலையில்?’ என்று கேளுங்கள்.
* காரின் டி.சி. சார்ஜிங் வரம்பு எத்தனை கிலோவாட் என்று பாருங்கள். அதற்கு மேல் சார்ஜர் எவ்வளவு பெரிசாக இருந்தாலும் பயன் இல்லை.
* அன்றாடம் மெதுவான சார்ஜ், பயணத்தின்போது மட்டும் ஃபாஸ்ட் சார்ஜ்.
* வெயிலில் ஓட்டிவந்த கையோடு பிளக்கை மாட்டாதீர்கள். ஸ்கூட்டர் என்றால் நிழலில் அரை மணி நேரம் ஆறவிடுங்கள்.
* சாலையோர சார்ஜரில் 80 வந்ததும் கழற்றிவிட்டு, அடுத்தவருக்கு வழிவிடுங்கள்.
* எல்.எஃப்.பி. வகை பேட்டரி சூட்டையும் அதிக சார்ஜிங் சுழற்சிகளையும் நன்றாகத் தாங்கும். ஆனால் எடை கொஞ்சம் கூடுதல். எத்தனை சதவிகிதம் வரை நிரப்பலாம் என்பது பேட்டரிக்குப் பேட்டரி மாறும். உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே கடைசி வார்த்தை.
* போனில் ‘80 சதவிகிதத்தில் நிறுத்து’ என்ற வசதி இருந்தால் ஆன் செய்துவிடுங்கள். இரவில் ஃபாஸ்ட் சார்ஜரும் தேவையில்லை. தலையணைக்கு அடியில் போனும் வேண்டாம்.